குழந்தைக்குக் குடும்பத்தாரே கல்லீரல் தருவது: நீலகிரிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த காலத்திலும், ஓய்வு பெற்ற பிறகு கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் சிகிச்சைக்குப் போகும் குடும்பங்களுக்குத் துணையாகச் சென்றுவரும் இப்போதும், என்னிடம் வரும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. எஸ்டேட் லைன் வீடுகளிலும் படகர் ஊர்களான ஹட்டிகளிலும் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலும் கேட்டவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்லள். உங்கள் குழந்தைக்கான முடிவை அதைப் பரிசோதித்த மருத்துவக் குழுதான் சொல்ல முடியும்.

பொறந்த குழந்தைக்கு மஞ்சள் வர்றது சகஜம்தானே? வெயில் காட்டினா போயிடும்னு சொல்றாங்களே?

பிறந்த சில நாட்களில் வரும் மஞ்சள் பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்குள் தானாகவே இறங்கிவிடும். 14 நாட்களைக் கடந்தும் கண்ணில் மஞ்சள் தெரிந்தால் மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிரூபின் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மொத்த அளவு மட்டும் போதாது, கல்லீரல் பதப்படுத்திய பிலிரூபினைக் காட்டும் 'டைரக்ட்' அளவையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அது டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கல்லீரலிலோ பித்தநாளத்திலோ கோளாறு இருக்கலாம். அந்த வகை மஞ்சளுக்கும் வெயிலுக்கும் தொடர்பே இல்லை. நம் மலையில் மழைக்காலத்தில் நாள் கணக்கில் சூரியனே தெரியாது என்பதால், 'வெயில் இல்லை, அதனால்தான் மஞ்சள் போகவில்லை' என்று ஒரு மாதம் வரை காத்திருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அடுத்த பதிலைப் படித்தால் அந்த ஒரு மாதத்தின் விலை புரியும்.

மஞ்சளைவிட மலத்தின் நிறமே தெளிவான அடையாளம். பால் குடிக்கும் குழந்தையின் மலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கும். வெள்ளையாக, சாம்பல் நிறமாக, வெளிர்க் களிமண் நிறமாக இருக்கக் கூடாது. கைக்குழந்தையின் சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடக் கூடாது. லைன் வீட்டின் மங்கலான பல்பு வெளிச்சத்தில் வெளுத்த மலமும் மஞ்சளாகத்தான் தெரியும் என்பதால், துணியை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஐயமாக இருந்தால் அங்கேயே கைபேசியில் படம் எடுத்துவைத்து, அந்தத் துணியையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வெள்ளையா மலம் போனா அது என்ன நோய்?

பல காரணங்கள் இருக்கலாம். முதலில் இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டியது பிலியரி அட்ரீசியா என்னும் பித்தநாள அடைப்பு. கல்லீரலில் சுரக்கும் பித்தம் குடலுக்கு வரும் குழாய் பிறந்த சில வாரங்களில் சேதமுற்று மூடிப்போகிறது. தேங்கிய பித்தம் கல்லீரலைக் கெடுக்கிறது. பித்தம் குடலுக்கு வராததால் கொழுப்பும் வைட்டமின்களும் உடலில் சேர்வதில்லை. வைட்டமின் கே குறைந்து, தொப்புளிலோ மூளைக்குள்ளோ இரத்தம் கசிவதே முதல் அறிகுறியாக வரும் குழந்தைகளும் உண்டு.

இதற்கு முதற்சிகிச்சை, ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாயின் பெயரால் வழங்கும் கசாய் அறுவை. மூடிப்போன குழாயை அகற்றி, குடலின் ஒரு பகுதியை மேலே இழுத்துக் கல்லீரலோடு நேரடியாக இணைப்பார்கள். பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 90 நாட்களைத் தாண்டினால் வெகுவாகக் குறையும். ஆகவே 14ஆம் நாளுக்கும் 60ஆம் நாளுக்கும் இடையில் குழந்தை மலையிறங்கிவிட வேண்டும்.

கீழாநெல்லி கொடுத்துப் பார்க்கலாமா? எங்க மாமியார் கேட்கிறாங்க.

மூடிப்போன குழாயை எந்தப் பச்சிலையும் எந்த மாத்திரையும் திறக்காது. மாமியாரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்: பெரியவர்களுக்கு வரும் காமாலை வேறு, இது வேறு. ஏற்கெனவே நலிந்த கல்லீரலுக்குச் சேர்மானம் தெரியாத மருந்து தீங்கு செய்யலாம் என்பதும் உண்மை.

கசாய் ஆபரேஷன் செஞ்சாச்சுன்னா மாற்று ஆபரேஷன் தேவைப்படாதா?

சிலருக்குத் தேவைப்படாது. பெரும்பாலோருக்கு, சில மாதங்களிலோ பல ஆண்டுகள் கழித்தோ, தேவைப்படும். குழந்தை வளர்ந்து, எடை கூடி, அறுவையைத் தாங்கும் வலிமை பெற்ற பிறகு மாற்றுச் சிகிச்சைக்குச் செல்ல அவகாசம் கிடைப்பதே கசாய் அறுவையின் பெரும் பயன்.

குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்றுவதற்கான முதன்மைக் காரணம் இந்தப் பித்தநாள அடைப்புதான். செம்புச்சத்து உடலில் தேங்கும் வில்சன் நோய், பரம்பரையாக வரும் பித்தத் தேக்க நோய்கள், சில கல்லீரல் புற்றுக்கட்டிகள், எலி பேஸ்ட் போன்ற நஞ்சு அல்லது கடுமையான வைரஸ் தொற்றால் கல்லீரல் திடீரெனச் செயலிழப்பது ஆகியவை மற்றவை. கடைசியாகச் சொன்னதில் முடிவெடுக்க ஓரிரு நாளே கிடைக்கும்.

ஈரலை வெட்டிக் கொடுத்துட்டா, கொடுத்தவங்க எப்படி உயிரோட இருப்பாங்க?

முழுக் கல்லீரலையும் யாரும் எடுப்பதில்லை. கல்லீரல் 8 கூறுகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் தனி இரத்தக் குழாய்க் கிளையும் பித்தநாளக் கிளையும் உண்டு என்பதால், ஒரு பகுதியைப் பிரித்தெடுத்தாலும் மிச்சம் வேலை செய்யும். சிறு குழந்தைக்கு இடப்பக்கத்து ஓரமாக உள்ள 2, 3ஆம் கூறுகள் போதும். அது மொத்தக் கல்லீரலில் நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். குழந்தையின் எடையில் சுமார் 1 சதவீத எடையுள்ள கல்லீரல் அதற்கு வேண்டும். 4 சதவீதத்துக்கு மேல் போனால் சின்ன வயிற்றில் அடங்காது. 7 கிலோ குழந்தைக்கு 70 கிராம் முதல் 280 கிராம் வரை. பெரியவர்களின் அந்த இடப்பக்கத் துண்டு ஏறத்தாழ 200 முதல் 300 கிராம் இருக்கும். அதனால்தான் மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதையும் கொஞ்சம் குறைத்து வைக்கிறார்கள். கொடுத்தவரிடம் மிஞ்சிய கல்லீரல் சில வாரங்களிலேயே பருத்து, முன்பிருந்த அளவை நெருங்கிவிடும். குழந்தையிடம் வைத்த துண்டு குழந்தையோடு சேர்ந்து வளரும்.

இது பரிசோதனை முயற்சியாக இருந்த காலம் போய்விட்டது. உயிரோடு இருப்பவரிடமிருந்து எடுத்துக் குழந்தைக்கு வைத்த முதல் வெற்றிகரமான அறுவை 1989இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்தது. இந்தியாவில் குழந்தைக்கு முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்யப்பட்டது 1998இல், தில்லியில். அந்தக் குழந்தை நம் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது, பித்தநாள அடைப்பு, கொடுத்தவர் தந்தை. அந்தப் பையன் வளர்ந்து மருத்துவப் படிப்பு முடித்திருக்கிறார்.

யார் யார் கொடுக்கலாம்? அப்பாவுக்கு முடியலைன்னா மாமாவும் சித்தியும் தயாரா இருக்காங்க.

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 'நெருங்கிய உறவினர்' என்று சிலரை மட்டுமே குறிக்கிறது. குழந்தையைப் பொறுத்தவரை அவர்கள் தாய், தந்தை, உடன்பிறந்தோர், 2011 திருத்தத்துக்குப் பிறகு தாத்தா, பாட்டி. கொடுப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பாகப் பெரும்பாலான மருத்துவமனைகள் 50 முதல் 55 வயதை வைத்திருப்பதால், தாத்தா பாட்டி தகுதி பெறுவது அரிது.

தாய்மாமாவும் சித்தியும் அத்தையும் நமக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நெருங்கிய உறவினர் அல்லர். அவர்கள் தரலாம், ஆனால் அங்கீகாரக் குழுவின் முன் நேரில் சென்று, பாசத்தினால்தான் தருகிறோம், பணம் கைமாறவில்லை என்று காட்டி அனுமதி பெற வேண்டும். பணத்துக்கு உறுப்பு வாங்குவதும் விற்பதும் 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கும் 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம்.

உறவை நிறுவும் சான்றுகளில்தான் நம் பக்கத்துக் குடும்பங்கள் தடுமாறுகின்றன. குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறொரு எழுத்துக்கூட்டு என்று இருந்தால் கோப்பு திரும்பி வரும். நோய் உறுதியான வாரத்திலேயே இவற்றைத் திருத்த மனுப் போட்டுவிடுங்கள். ஆவணங்களால் உறவு தெளிவாகாவிட்டால் டிஎன்ஏ பரிசோதனை கேட்பார்கள்.

ரத்த குரூப் ஒண்ணா இருந்தே ஆகணுமா?

ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, பொருந்தினால் போதும். 'ஓ' வகையினர் எல்லோருக்கும் தரலாம். 'ஏபி' வகைக் குழந்தை எல்லோரிடமிருந்தும் பெறலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் வேறுபாடு இதில் தடையில்லை. பொருந்தாத வகையாக இருந்தாலும், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எதிர்ப்புப் பொருள்கள் இன்னும் முழுமையாக உருவாகாததால், அனுபவமுள்ள மையங்கள் கூடுதல் ஏற்பாடுகளோடு செய்கின்றன. எனவே 'குரூப் சேரவில்லை' என்று நீங்களாகவே யாரையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

என் வீட்டுக்காரருக்கு 'ஃபேட்டி லிவர்'னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. அவ்வளவுதானா?

பல நேரங்களில் அது தற்காலிகமான 'இல்லை'. கொடையாளருக்கு இரத்தப் பரிசோதனைகள், மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி சோதனைகள், இதயச் சோதனை, கல்லீரலின் அளவையும் இரத்தக் குழாய்களையும் காட்டும் சிடி ஸ்கேன், பித்தநாளங்களுக்கு எம்ஆர்ஐ, மனநல ஆலோசனை ஆகியவை நடக்கும். கொழுப்பு படிந்த கல்லீரல் குழந்தையிடம் சரியாக வேலை செய்யாது, கொடுத்தவருக்கும் ஆபத்து. ஆனால் உணவைக் குறைத்து, தினமும் நடந்து, மதுவை அறவே நிறுத்தினால் சில வாரங்களிலேயே கொழுப்பு குறைந்து தகுதி பெற்றவர்கள் உண்டு. குழந்தையின் நிலை அத்தனை வாரம் காத்திருக்க இடம் தருமா என்பதைக் குழுவிடம் கேளுங்கள்.

தாய் கர்ப்பமாக இருந்தால் தர முடியாது. அண்மையில் பிரசவித்தவரென்றால் உடல் தேறியிருக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்வார்கள்.

கொடுக்கறவங்களுக்கு ஆபத்தே இல்லைன்னு ஒருத்தர் சொன்னாரே?

அப்படிச் சொன்னவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அது உண்மையன்று. நோயே இல்லாத ஒருவர் பெரிய அறுவைக்கு உட்படுகிறார். இடப்பக்கத் துண்டு தருவோரில் உயிரிழப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று என்று மதிப்பிடப்படுகிறது. வளர்ந்த பிள்ளைகளுக்காகவும் பெரியவர்களுக்காகவும் வலப்பக்கப் பெரும்பகுதியைத் தருவோருக்கு அதைவிடக் கூடுதல். பித்தக் கசிவு, தொற்று, காலில் இரத்தம் உறைதல், பிற்பாடு தையல் இடத்தில் குடலிறக்கம் ஆகியவை நேரலாம். இவற்றில் பெரும்பாலானவை சிகிச்சையில் சரியாகும்.

சிக்கல் இல்லையென்றால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வீடு திரும்பலாம். வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியது குழந்தைதான், கொடுத்தவர் அல்லர். பிற்காலத்தில் பெண்கள் கருத்தரிக்கவும் தடையில்லை; ஓராண்டு பொறுக்கச் சொல்வது வழக்கம்.

நான் எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிறேன். எப்போ வேலைக்குப் போகலாம்?

சில வாரங்களில் நடமாட்டம் இயல்பாகிவிடும். ஆனால் சரிவில் நின்று குனிந்து பறிப்பதும், நிறுவைக்கு மூட்டை சுமந்து ஏறுவதும் உட்கார்ந்து பார்க்கும் வேலையைப் போன்றவை அல்ல. மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைச் சான்றிதழில் 'ஓய்வு தேவை' என்று மட்டும் எழுதாமல், எத்தனை நாள், என்னென்ன வேலை கூடாது என்று விவரமாக எழுதித் தரச் சொல்லி, அறுவைக்கு முன்பே எஸ்டேட் அலுவலகத்தில் பேசிவையுங்கள். தாய் மருத்துவமனைப் படுக்கையிலும் தந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலிலும் இருக்கும் வாரங்களில் இரண்டு பேர் கூலியும் நிற்கும் என்பதை எவரும் முன்கூட்டிக் கணக்கில் எடுப்பதில்லை.

எனக்கு உள்ளுக்குள்ள பயமா இருக்கு, மனசில்லை. ஆனா வீட்டுல சொல்ல முடியலை. என்ன செய்யறது?

இக்கேள்வியைக் கேட்டவர்கள் அனைவரும் பெண்கள். அனைவரும் தனியாக இருக்கும்போதுதான் கேட்டார்கள். 'தாயே தராவிட்டால் வேறு யார் தருவார்?' என்று கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து முடிவு செய்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அச்சம் இயல்பானது, அது பாசக் குறைவு ஆகாது. அந்த வீட்டில் வேறு சிறு குழந்தைகள் இருக்கலாம். அவருக்கே சொல்லாத நோய் இருக்கலாம்.

கொடையாளரைத் தனியறையில், உறவினர் யாரும் இல்லாமல் பேசவைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கொடையாளர் பெண்ணாக இருந்தால் அவருடைய சம்மதம் சுயமானதா என்று கூடுதல் கவனத்தோடு உறுதிசெய்ய வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு உறுப்பு மாற்று விதிகளே சொல்கின்றன. மயக்க மருந்து கொடுக்கும் வரை எந்நேரமும் பின்வாங்கலாம். அப்படிப் பின்வாங்கினால், நல்ல குழுக்கள் வீட்டாரிடம் 'இவர் பொருந்தவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்ளும், காரணத்தைச் சொல்லாது. இந்தச் சுதந்திரம் இல்லாமல் வாங்கும் கையெழுத்தை நான் சம்மதமாகக் கருதுவதில்லை.

செலவுக்கு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று அறுவையும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் உதகை ஆட்சியர் அலுவலகத்திலுள்ள திட்ட மையத்தில் பதிவு செய்யலாம். எந்த மருத்துவமனைக்கு இந்த அறுவைக்கான அங்கீகாரம் உள்ளது, எவ்வளவு தொகை வரும், மீதியை யார் தருவார்கள் என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். அறுவைக்குப் பின் மருத்துவமனைக்கு அருகிலேயே இரண்டு மூன்று மாதம் தங்க வேண்டியிருக்கும். அந்த வாடகையும் சாப்பாடும் எந்தத் திட்டத்திலும் வராத செலவு.

இறந்தவங்க ஈரல் கிடைக்காதா? ஏன் வீட்டுல இருக்கறவங்களை அறுக்கணும்?

தமிழகத்தில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் திட்டம் 2008 முதல் நடக்கிறது. குழந்தையின் பெயரை அதிலும் பதிவு செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் சிறு குழந்தைக்கு ஏற்ற அளவில் கிடைப்பதும், பெரியவர் கல்லீரலை இரண்டாகப் பிரித்துத் தர வாய்ப்பதும் அரிது. நோய் காத்திருப்பதில்லை. குடும்பத்தில் கொடையாளர் இருந்தால் குழந்தை ஓரளவு நல்ல நிலையில் இருக்கும்போதே நாள் குறிக்கலாம்.

தடுப்பூசி எல்லாம் ஆபரேஷன் முடிஞ்சு போட்டுக்கலாமா?

முன்பே போட வேண்டும். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை அறுவைக்குக் குறைந்தது 4 வாரம் முன்னதாக முடிக்க வேண்டும். பிறகு அவற்றைப் பொதுவாகப் போடுவதில்லை. போலியோ சொட்டு மருந்தும் அத்தகையதே. சொட்டு மருந்து நாளில் அங்கன்வாடியில் வரிசையில் நிறுத்திவிடாமல், மாற்று அறுவை நடந்த குழந்தை என்று பணியாளரிடம் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தா ஊசியா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு அப்புறம் மலைக்குத் திரும்ப வரலாமா? குளிர் ஒத்துக்குமா?

வரலாம். குளிர் புதிய கல்லீரலைக் கெடுக்காது. நான் கவலைப்படுவது வேறு சிலவற்றுக்கு. முதலாவது தண்ணீர். ஊற்றுத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். உதகை போன்ற 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும் என்பதால், கொதி வந்தவுடன் இறக்காமல் 3 நிமிடம் விட்டு இறக்குங்கள். அடுத்தது வெயில்: உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உண்பவர்களுக்குப் பிற்காலத்தில் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். குளிருகிறது என்று குழந்தையை உச்சி வெயிலில் உட்கார வைக்காதீர்கள். அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவதையும், கேரட் தோட்டத்து ஈர மண்ணிலும் எருவிலும் விளையாட விடுவதையும் தவிருங்கள்.

மண் சரிந்து மலைப்பாதை அடைபடுவது நமக்குப் புதிதன்று. மாத்திரை எப்போதும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் கையிருப்பில் இருக்கட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

ரத்தப் பரிசோதனைக்குக் கோயம்புத்தூர் போற அன்னைக்கு, காலை மருந்தைக் கொடுத்துட்டுத்தானே பஸ் ஏறணும்?

கூடாது. புதிய கல்லீரலை உடல் எதிர்க்காமலிருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸின் அளவை, முந்தைய வேளை கொடுத்து 12 மணி நேரம் ஆகி, அடுத்த வேளை கொடுப்பதற்கு முன் எடுத்த இரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும், அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடுவார்கள். எனவே காலை மருந்தைப் பையில் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். இரத்தம் எடுத்த கையோடு அங்கேயே கொடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுக்கும் குழந்தையென்றால் இது இன்னொரு வகையிலும் நல்லது: வெளியே வர மருந்து உள்ளே இருக்காது. மற்ற நாட்களில் மருந்து கொடுத்தவுடன் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கலாமா என்பதை மருத்துவமனையின் மாற்றுச் சிகிச்சை ஒருங்கிணைப்பாளரிடம் முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சளி, காய்ச்சலுக்குப் பக்கத்துக் கடையில மாத்திரை வாங்கலாமா?

வேண்டாம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ஃபுளுகோனசோல் ஆகியவை டாக்ரோலிமஸ் அளவை உயர்த்தும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடாயினும் அதைத் தாழ்த்தும். ஐபுபுரூஃபென் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பம்பளிமாஸ் பழமும் கூடாது. கம்பெனி பெயர் மாற்றி வேறு டாக்ரோலிமஸ் கொடுத்தால் வாங்காமல் முதலில் கேளுங்கள். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் 'ஒரு ராத்திரி பார்ப்போம்' என்பதற்கு இடமில்லை. மாற்று அறுவை செய்த மருத்துவமனையை உடனே அழைத்துச் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்லும் மருத்துவமனைக்குப் போங்கள்.

பையனுக்கு அம்மா ஈரல் வெச்சா குணம் மாறுமா? கல்யாணம் காட்சின்னு எல்லாம் நடக்குமா?

குணம் மாறாது. அனுபவமுள்ள மையங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகள் முதலாண்டைத் தாண்டுகிறார்கள். பள்ளி, விளையாட்டு, வேலை, திருமணம் எதற்கும் தடையில்லை. சிறுவயதில் மாற்று அறுவை செய்துகொண்ட பெண்கள் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். பதின்ம வயதில் 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று மாத்திரையைத் தவறவிடுவதுதான் நெடுநாள் ஆபத்து.

அடுத்த குழந்தைக்கும் இது வருமா?

பித்தநாள அடைப்பு பொதுவாகப் பரம்பரையாக வருவதில்லை. வில்சன் நோயும் பரம்பரைப் பித்தத் தேக்க நோய்களும் அப்படியல்ல: பெற்றோர் இருவரும் குறையுள்ள மரபணுவைச் சுமப்பவர்கள் என்பதால் ஒவ்வொரு பேறுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அவ்வாறு சுமப்பவர்களும் பெரும்பாலும் கல்லீரல் தரலாம். ஆனால் வில்சன் நோயுள்ள குழந்தையின் உடன்பிறந்தோரை, நலமாகத் தோன்றினாலும், பரிசோதித்தே ஆக வேண்டும்.

அம்மா கொடுத்தது வேலை செய்யலைன்னா, அப்பா கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஒருவர் ஒரு முறைதான் தர முடியும். மறுமுறை தேவைப்பட்டால் வேறொருவர் வேண்டும். குழந்தையின் கல்லீரல் தமனி ஓரிரு மில்லிமீட்டர் குறுக்களவே உள்ளது, நுண்ணோக்கி வைத்தே தைக்கிறார்கள். முதல் சில நாட்களில் அதில் இரத்தம் உறைந்துவிட்டால் கல்லீரலே கெட்டுப்போய், அவசரமாக மறு அறுவை செய்ய நேரலாம். அதனால்தான் அந்நாட்களில் தினமும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். இந்த நிலை எல்லோருக்கும் வருவதில்லை. ஆயினும் தாய் கொடையாளராக முடிவானதும் தந்தையின் இரத்த வகையையும் அடிப்படைப் பரிசோதனைகளையும் முடித்து, அந்தக் காகிதங்களைக் கோப்பில் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். கூடவே அவருடைய ஆதாரில் பெயர் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.